கோதைப் பார், பிறகு துவக்கைப் பார்

சட்பரி, ஒன்ராறியோ

அன்புள்ள தம்பி,

நீ அனுப்பிய செய்திகளையும் படங்களையும் ஆறுதலாக இருந்து பார்த்தேன். துவக்கு மூன்று விதமாக உன்னைப் படுத்துகிறது என்று எழுதியிருக்கிறாய். கோடையில் வாங்கியபோது ஒழுங்காக வெடித்தது, இப்போது மைனஸ் 18 குளிரில் ‘டிக்’ என்ற சத்தத்தோடு நின்றுவிட்டது. வெடித்தவற்றிலும் சில தோட்டாக்களுக்குப் பிறகு போல்ட் பிடியைத் தூக்கவே முடியவில்லை. 100 மீற்றரில் வைத்த கடதாசியில் துளைகள் ஒரு சாப்பாட்டுத் தட்டளவுக்குச் சிதறிக் கிடக்கின்றன. புது ஊசி வாங்கவா, ஸ்பிரிங் மாற்றவா, ஸ்கோப்பையே எறியவா என்று கேட்கிறாய்.

ஒன்றும் வாங்காதே. சுரங்கத்தில் பம்புகளையும் கொம்பிரசர்களையும் திருத்தியே சீவித்தவன் நான். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் எல்லோருக்கும் இந்தப் பழக்கம் இருக்கும். ஒரு பாகத்தைக் கழற்றிப் புதுசைப் போடுவார்கள். பிழை போனால், ஏன் போனது என்று தெரியாது. போகாவிட்டால், புதுப் பாகத்திலும் சந்தேகம் வந்துவிடும். கடைசியில் பாதி இயந்திரம் புதுசாகும், பிழை மட்டும் பழையபடி இருக்கும். போல்ட் துவக்கு அந்த இயந்திரங்களைவிட எவ்வளவோ எளியது. 1898இல் ஜெர்மனியில் பவுல் மவுசர் கொண்டுவந்து நிறுத்திய அமைப்பிலிருந்து அடிப்படை அதிகம் நகரவில்லை. ஒரு குழல், அதன் பின்வாயை அடைக்கப் போல்ட் என்கிற ஓர் உருக்குத் தண்டு, தண்டின் முனையில் பூட்டிக்கொள்ள இரண்டு காதுகள், தண்டுக்குள்ளே ஒரு ஸ்பிரிங்கும் ஊசியும். இவ்வளவுதான். இதில் உடையக்கூடியவை மிகக் குறைவு. பழைய துவக்கில் வரும் கோளாறுகளில் பெரும்பங்கு அழுக்கு, எண்ணெய், தளர்ந்த ஆணி, ஒவ்வாத தோட்டா என்ற நான்குக்குள் அடங்கும்.

மேசையில் வைக்குமுன் செய்யவேண்டியதை அனுமதிப்பத்திர வகுப்பிலேயே படித்திருப்பாய். வாய் பாதுகாப்பான பக்கம் பார்க்கட்டும், தோட்டாவை எடு, தோட்டா உட்காரும் சேம்பரைக் கண்ணால் பார், மகசீன் வழியைப் பார், குழலுக்குள் பார். நான் அதோடு ஒன்று சேர்ப்பேன். போல்ட்டைக் கழற்றித் தனியே வை, தோட்டாப் பெட்டிகளை அறைக்கு வெளியே வை. தோட்டா ஏறுகிறதா, கழலுகிறதா என்று வீட்டில் சோதிக்க மருந்தில்லாத போலித் தோட்டாக்கள் கடையில் உண்டு, அவற்றை மட்டும் பயன்படுத்து. உண்மைத் தோட்டாவைக் குசினி மேசையில் வைத்து ஏற்றிப் பார்க்கிற மனிதர்களை நான் கண்டிருக்கிறேன். அவர்கள் வீட்டில் தேத்தண்ணீர் குடிக்கக்கூட எனக்கு விருப்பமில்லை.

இப்போது உன் வெற்றுக் கோதுகளை எடு. எறியாமல் வைத்திருக்கிறேன் என்று எழுதியது நல்ல விஷயம். வெடிக்காமல் நின்றதைத் தொடாதே, அதை ரேஞ்சிலேயே ஒப்படைத்துவிட்டாய் என்று நினைக்கிறேன். ஒப்படைக்குமுன் எடுத்த படம் போதும். மற்றவற்றை நல்ல வெளிச்சத்தில், ஒரு பூதக்கண்ணாடியோடு, வெடித்த ஒழுங்கில் வரிசையாக நிறுத்து. துவக்குக்குள் என்ன நடந்தது என்பதற்கு உன்னிடம் உள்ள ஒரே சாட்சி அந்தப் பித்தளைதான்.

அடிப்பக்கத்தை முதலில் பார். நடுவில் இருக்கும் சின்ன வட்டம்தான் பிரைமர். அதில் ஊசி குத்திய பள்ளம் நடுவிலே, உருண்டையாக, ஆழமாக இருக்க வேண்டும். நீ அனுப்பிய படத்தில், வெடிக்காத தோட்டாவின் பள்ளம் நகத்தால் கீறியதுபோல மேலோட்டமாக இருக்கிறது. கோடையில் வெடித்த கோதில் பள்ளம் ஆழம். அதே துவக்கு, அதே ஊசி, அடி மட்டும் மெலிந்துவிட்டது. பள்ளம் ஆழமாக இருந்தும் வெடிக்காவிட்டால் தோட்டாவைச் சந்தேகப்படு. பள்ளம் மெலிந்திருந்தால் துவக்கைச் சந்தேகப்படு. உன்னுடையது இரண்டாவது வகை.

ஊசி ஏன் மெதுவாகப் போனது? விற்றவர் அந்தத் துவக்கைப் பல வருடம் அலுமாரியில் வைத்திருந்தார் என்றாய். அப்படி வைப்பவர்கள் துருப்பிடிக்காமல் இருக்கட்டும் என்று போல்ட்டுக்குள் எண்ணெயை ஊற்றிவிடுவார்கள். எண்ணெய் நாளாக நாளாக மெழுகுபோல் தடித்துத் தூசியைப் பிடித்துக்கொள்ளும். ஜூலையில் ஸ்பிரிங் அதைத் தள்ளிக்கொண்டு போய்விடும், ஜனவரியில் முடியாது. வடக்கே வேட்டைக்குப் போகிறவர்களிடம் கேட்டுப் பார், மூஸ் முன்னால் நிற்க ‘டிக்’ என்று கேட்ட கதை ஆளுக்கொன்று வைத்திருப்பார்கள்.

ஆகவே போல்ட்டைக் கழற்றி உள்ளே கழுவு. கழற்றும் முறை துவக்குக்குத் துவக்கு மாறும், உன்னுடையதன் கையேட்டைப் பார்த்தே செய். மவுசர் வகைகளில் சேஃப்டியை நடு நிலையில் நிறுத்திப் பின்பக்க உறையைச் சுழற்றினால் ஊசித் தொகுதி முழுவதும் கையோடு வரும். ரெமிங்டன் 700 வகையில் ஊசியின் பின்பகுதியை இழுத்து அதிலுள்ள வெட்டில் ஒரு சில்லறைக் குற்றியைச் செருகிப் பிடிக்கும் வித்தை பலருக்கும் தெரியும். பழையவர்கள் அதற்கு ஒரு சதக் குற்றியை வைத்திருப்பார்கள். 2012இல் அரசாங்கம் சதம் அடிப்பதை நிறுத்தியபோது என்னோடு வேலை செய்த ஒருவர் முதலில் கவலைப்பட்டது இதற்காகத்தான். ஸ்பிரிங் இறுக்கத்தில் இருக்கும், முகத்தைத் தள்ளி வை, கண்ணாடி போடு.

கழுவுகிற திரவத்தால் ஊசியையும் ஸ்பிரிங்கையும் போல்ட்டின் உட்புறத்தையும் வெள்ளைத் துணியில் கறுப்பு வராத வரைக்கும் துடை. பிறகு வடிவாகக் காயவிடு. உள்ளே குளிருக்கு ஏற்ற மெல்லிய எண்ணெய் ஒரு துளியைத் துணியில் எடுத்துத் தடவினால் போதும், சிலர் அதுவும் இல்லாமல் உலர்ந்தபடி விடுவார்கள். ஆனால் வெளியே, பூட்டுக் காதுகளின் பின்முகத்திலும் பிடியைத் தூக்கும்போது ஊசியைப் பின்தள்ளும் சரிவிலும் கொஞ்சம் கிரீஸ் வேண்டும். உலோகத்தோடு உலோகம் பாரத்தோடு உரசுகிற இடங்கள் அவை. நம் ஆட்கள் பெரும்பாலும் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். உள்ளே வெள்ளம், வெளியே வறட்சி.

மெலிந்த அடிக்கு இன்னொரு காரணமும் உண்டு. போல்ட் பிடி முழுவதும் கீழே இறங்காமல் ஒரு விரற்கடை தூக்கி நின்றாலும், ஊசி தன் பலத்தில் ஒரு பங்கை அந்தப் பிடியை மூடுவதிலேயே செலவழித்துவிடும். மிச்சப் பலம்தான் பிரைமருக்குப் போகும். குளிரில் தடித்த கையுறையோடு மூடும்போது இது இலகுவாக நடக்கும். கழுவிய பிறகும் பள்ளம் மெலிந்தே இருந்தால், அப்போதுதான் ஸ்பிரிங்கைப் பற்றி யோசிக்க வேண்டும்.

‘டிக்’ கேட்ட உடனே போல்ட்டைத் திறந்தாயா என்று நீ எழுதவில்லை. திறந்திருந்தால் இனி அப்படிச் செய்யாதே. சில பிரைமர்கள் பிந்திப் பற்றும். துவக்கின் வாயை இலக்கின் பக்கமே வைத்தபடி ஒரு நிமிடமாவது காத்திரு, பிறகு முகத்தை விலக்கித் திற. அதைவிடப் பயங்கரமானது ‘டிக்’ இல்லை, ‘பொத்’. வழக்கமான வெடியும் உதையும் இல்லாமல் ஓர் அமுங்கிய சத்தம் வந்தால் சன்னம் குழலுக்குள்ளேயே நின்றிருக்கலாம். அதற்குப் பின்னால் இன்னொன்றைச் சுட்டால் குழல் பிளக்கும். அன்றைக்குச் சூடு அதோடு முடிந்தது. பொறுத்திருந்து போல்ட்டைக் கழற்றிக் குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்காமல் அடுத்த தோட்டாவைத் தொடக்கூடாது. பனிக்குள் விழுந்தெழும்பினாலும் இதே சட்டம்தான். இங்கே பலர் குழல் வாயில் ஒரு துண்டு மின்சார டேப் ஒட்டிக்கொண்டுதான் காட்டுக்குள் போகிறார்கள், பனி உள்ளே போகாமல் இருக்க. சுடும்போது குழலிலிருந்து தள்ளப்படும் காற்றே அதைக் கிழித்துவிடும்.

இனி, தூக்க முடியாத போல்ட். இதில்தான் எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம். துவக்கோடு சேர்த்து விற்றவர் ஒரு பிஸ்கட் தகரம் நிறையத் தோட்டா இனாமாகக் கொடுத்தார் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். இறுகியது எந்தத் தோட்டாக்களுக்குப் பிறகு? கடைப்பெட்டித் தோட்டாக்களுக்கா, தகரத்துத் தோட்டாக்களுக்கா? நீ இதைப் பிரித்து எழுதவில்லை. படத்தில் உள்ள கோதுகளை வைத்து நான் ஊகிக்கிறேன். இறுகியவை எல்லாம் தகரத்தைச் சேர்ந்தவை.

காரணம் சொல்கிறேன். இரண்டு கோதுகளின் பிரைமர் ஓரம் உருண்டையாக இல்லாமல் சப்பையாகிக் குழியின் விளிம்புவரை பரவியிருக்கிறது. ஒன்றின் அடியில், எழுத்துப் பொறித்த இடத்துக்கு மேலே, மினுங்குகிற ஒரு சிறு வட்டம் தெரிகிறது. போல்ட் முகத்தில் கோதை வெளியே தள்ளுகிற குமிழ் இருக்கும் துளைக்குள் பித்தளை பிதுங்கிய அடையாளம் அது. உன் துவக்குக்குரிய 30-06 தோட்டாவுக்கு அமெரிக்கத் தொழில்துறை வகுத்த உச்ச அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 60,000 இறாத்தல். அதை மீறும்போது பித்தளை இப்படித்தான் பேசும். வீட்டிலே மருந்து அடைத்த தோட்டா, யார் அடைத்தார், எவ்வளவு அடைத்தார் என்று தெரியாது, மருந்து எந்த வகை என்றும் தெரியாது. அடுத்தவர் அடைத்த தோட்டாவைச் சுடுவதில்லை என்பது இங்கே அனுபவசாலிகள் எல்லோரும் கைக்கொள்ளும் வழக்கம். தகரத்தை மூடு. குப்பையில் போடாதே. பொலிசாரின் அவசரமில்லாத இலக்கத்துக்கு எடுத்துச் சொன்னால் எங்கே ஒப்படைப்பது என்று சொல்வார்கள். ஒப்படைக்குமுன் அடிகளில் உள்ள எழுத்தை ஒருக்கால் வாசித்துப் பார். 30-06 என்றில்லாமல் வேறு ஏதாவது கலந்திருந்தால், தகரத்தைக் கொடுத்தவரின் கவனம் எப்படிப்பட்டது என்பது உனக்கே விளங்கும்.

ஆனால் என் ஊகத்தை நம்பி நிற்காதே, சோதித்துப் பார். முதலில் வெறும் துவக்கில் போல்ட்டைத் தூக்கு. மவுசர் வழி வந்த துவக்குகளில் பிடியைத் தூக்கும்போதுதான் ஊசி பின்வாங்கி ஸ்பிரிங் இறுகும். ஆகவே கொஞ்சம் பாரம் இருக்கத்தான் செய்யும். அது எவ்வளவு என்று கைக்குத் தெரியட்டும். வெறுமையாக இருக்கும்போதே இறுகினால் பிழை போல்ட்டில். போலித் தோட்டாவோடு இறுகினால் சேம்பரில். சுட்ட பிறகு மட்டும் இறுகினால் தோட்டாவிலோ சேம்பரின் அழுக்கிலோ. குழலைத் துடைக்கிற பலர் சேம்பரைத் துடைப்பதில்லை. துடைத்த எண்ணெயை அங்கேயே விட்டுவிடுவார்கள். எண்ணெய் படிந்த சேம்பரில் கோது சுவரைப் பற்றிக்கொள்ளாமல் பின்னோக்கி வழுக்கும். பூட்டுக் காதுகளில் விழும் பாரம் அதனால் கூடும். சேம்பருக்கு என்று தனித் தூரிகை இருக்கிறது, விலை அதிகமில்லை. வாங்க அனுமதி தருகிறேன்.

எதுவாக இருந்தாலும் பிடியைச் சுத்தியலால் தட்டாதே, காலால் உதைக்காதே. இதைச் சொல்லும்போது இந்த நாட்டுக் கதை ஒன்று ஞாபகம் வருகிறது. முதலாம் உலகப் போருக்குக் கனடாப் படை கொண்டுபோனது ரொஸ் துவக்கு. சேர் சார்ள்ஸ் ரொஸ் என்பவர் வடிவமைத்து, கியூபெக் நகரில் செய்தது. போல்ட்டைத் தூக்காமல் நேரே பின்னால் இழுத்தால் போதும், இலக்குக்குச் சுடுவதில் மிகத் திறம். 1915 ஏப்ரலில், ஈப்ர சமரில், சேற்றுக்குள் விரைவாகச் சுட்டபோது போல்ட்டுகள் இறுகின. சிப்பாய்கள் சப்பாத்துக் காலால் உதைத்துத் திறந்தார்கள். பலர் அதை எறிந்துவிட்டு, விழுந்து கிடந்த பிரித்தானியச் சிப்பாய்களின் லீ-என்ஃபீல்டுகளை எடுத்துக்கொண்டார்கள். சேறுதான் காரணம் என்றார்கள் சிலர். தோட்டாதான் என்றார்கள் சிலர். படைத்துறை அமைச்சர் சாம் ஹியூஸ் துவக்கில் குறையே இல்லை என்று பிடிவாதமாக நின்றார். பிறகு நிதானமாகப் பார்த்தபோது தெரிந்தது, ஹியூஸைத் தவிர எல்லோரும் கொஞ்சம் கொஞ்சம் சரி. பிரித்தானியத் தோட்டாக்களின் அளவுக்குச் சேம்பர் இறுக்கம். அதைவிட முக்கியமானது, போல்ட்டை வேகமாகப் பின்னால் இழுக்கும்போது அதைத் தடுத்து நிறுத்தும் சின்னத் துண்டு ஒரு பூட்டுக் காதின் ஓரத்தில் வந்து மோதி மோதி அதை நசுக்கியது. நசுங்கிய காது அடுத்த முறை பள்ளத்துக்குள் போகாது, உதைத்தால் இன்னும் நசுங்கும். 1916இல் அந்தத் துவக்கை முன்னரங்கிலிருந்து எடுத்துவிட்டார்கள். ஆனால் இதே ரொஸ்ஸை, தோட்டாவைத் தெரிந்தெடுத்து, துப்புரவாக வைத்திருந்த குறிசுடுநர்கள் விட்டுக்கொடுக்கவில்லை. எங்கள் பக்கத்துப் பரி சவுண்ட் பகுதியைச் சேர்ந்த ஒஜிப்வே வீரர் பிரான்சிஸ் பெகமகபோ பேர்பெற்றது அந்தத் துவக்கோடுதான்.

பழைய ரொஸ்களை வெட்டி வேட்டைத் துவக்காக்கி இன்னமும் விற்கிறார்கள். மலிவாக இருக்கும். போல்ட்டைப் பிழையாகப் பூட்டவும் அதில் இடமுண்டு. அப்படிப் பூட்டினால் காதுகள் மாட்டாமலே வெடிக்கும், போல்ட் பின்னால் பாய்ந்து உன் முகத்துக்கே வரும். ஆசைப்பட்டு வாங்கிவிடாதே.

தோட்டா ஏறாத பிரச்சினை உனக்கு வரவில்லை, ஆனால் வரும். மூஸைக் கண்ட பதட்டத்தில் போல்ட்டை முழுக்கப் பின்னால் இழுக்காமல் பாதியில் முன்னே தள்ளுவாய். மகசீனிலிருந்து அடுத்த தோட்டா எழும்பியே இருக்காது. வெறும் சேம்பரை மூடிவிட்டு ‘டிக்’ கேட்டு, திரும்பவும் ஊசியைச் சந்தேகப்படுவாய். போலித் தோட்டாக்களோடு வீட்டில் பழகு, கடைசிவரை இழு, கடைசிவரை தள்ளு. உன் நண்பனின் லீ-என்ஃபீல்ட் அடிக்கடி மாட்டுகிறது என்றாயே, அதற்கு ஒரு தனிக் காரணம். 303 தோட்டாவின் அடியில் வெளியே நீட்டிக்கொண்டு ஒரு விளிம்பு இருக்கும். மகசீனில் மேலே உள்ள தோட்டாவின் விளிம்பு கீழே உள்ளதன் விளிம்புக்குப் பின்னால் போய் மாட்டினால் இரண்டும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். ஒவ்வொன்றாக அடுக்கும்போது மேலேயுள்ளதன் விளிம்பு எப்போதும் முன்னால் இருக்கும்படி வைத்தால் சரி. அவனுடைய மகசீனில் பிழை இருக்காது. அந்தத் துவக்கின் மூல வடிவத்தைச் செய்த ஜேம்ஸ் பாரிஸ் லீ, இன்று கேம்பிரிட்ஜின் பகுதியாக உள்ள கோல்ட் ஊரில் வளர்ந்தவர். உன் வீட்டிலிருந்து கார் ஓட்டம் ஒரு மணித்தியாலம்தான்.

கோது சேம்பரிலேயே நின்றுவிட்டால், போல்ட் முகத்தின் கொளுக்கியைப் பல் குத்தும் குச்சியால் கிண்டிப் பார். பித்தளைத் தூள் அடியில் அடைந்திருந்தால் கொளுக்கி முழுக்கப் பிடிக்காது. அதோடு கிடக்கும் கோதுத்தள்ளிக் குமிழையும் ஒரு மரக்குச்சியால் அமத்திப் பார், துள்ளி வெளியே வரவேண்டும்.

சிதறல் விஷயத்துக்கு வருவோம். இதில்தான் மனிதர்கள் அதிகம் காசைக் கரைக்கிறார்கள். முதலில் நீ அன்றைக்குச் சுட்டது கலப்படம். கடைத் தோட்டாவும் தகரத்துத் தோட்டாவும் ஒரே கடதாசியில். சன்னத்தின் எடை மாறினாலே துளை இடம் மாறும். அந்தக் கடதாசி எதையும் நிரூபிக்காது, கிழித்துப் போடு.

துவக்கைத் தலைகீழாகப் பிடித்துச் சோங்கின் அடியில் உள்ள இரண்டு ஆணிகளைப் பார். உருக்கையும் மரத்தையும் சேர்த்துப் பிடிப்பவை அவைதான். உன்னுடையது மரச் சோங்கு. மரம் கோடையில் ஈரம் குடித்து உப்பும், நம் வீடுகளில் குளிர்காலம் முழுக்க ஹீற்றர் ஓடுவதால் காய்ந்து சுருங்கும். சுருங்கினால் ஆணி தளரும். சரியான வாய் பொருந்திய திருப்புளியை வைத்துப் பார், கால் சுற்றுப் போனாலும் உன் சிதறலுக்கு அதுவே போதும். எவ்வளவு இறுக்குவது என்று கையேட்டில் இருக்கும், அளவுகாட்டும் திருப்புளியால் இறுக்கு. மரத்தை நசுக்கும்வரை இறுக்கினால் அடுத்த பருவத்தில் திரும்பவும் தளரும். பிறகு ஸ்கோப். அடித்தளத்து ஆணிகள், வளையத்து ஆணிகள் எல்லாவற்றையும் தொட்டுப் பார். வளையங்களுக்குப் பெரும்பாலும் 15 முதல் 20 அங்குல-இறாத்தல் என்று எழுதியிருக்கும். வளையத்தை வெறிகொண்டு இறுக்கினால் ஸ்கோப்பின் குழாய் நெரிந்துவிடும். இறுக்கிய பிறகு ஆணித் தலைக்கும் வளையத்துக்கும் குறுக்கே நகப்பூச்சால் ஒரு மெல்லிய கோடு இழு. அடுத்த முறை கோடு உடைந்திருந்தால் எந்த ஆணி அசைந்தது என்று பார்த்தவுடன் தெரியும். நகப்பூச்சை அம்மாவிடம் கேட்காதே, கடையில் வாங்கு.

அடுத்தது குழலும் சோங்கும் தொடுகிற இடம். சில துவக்குகளில் நுனியில் வேண்டுமென்றே ஒரு தாங்கல் வைத்திருப்பார்கள், பலவற்றில் குழல் சோங்கைத் தொடாமல் அந்தரத்தில் நிற்கவேண்டும். உன்னுடையது எந்த வகை என்று கையேட்டில் பார். அந்தரத்தில் நிற்கும் வகை என்றால் ஒரு 20 டொலர் தாளை எடுத்துக் குழலுக்கும் மரத்துக்கும் இடையில் செருகிப் பின்னால் இழு. இப்போதைய தாள்கள் பிளாஸ்டிக் என்பதால் கிழியாது. வழுக்கிக்கொண்டு கடைசிவரை போனால் நல்லது. ஓரிடத்தில் நின்றால் அந்த இடத்தில் மரம் குழலைத் தள்ளுகிறது. குழல் சூடாகி நீளும்போது அந்தத் தள்ளல் ஒவ்வொரு சூட்டுக்கும் மாறும். துளைகள் ஒரே திசையில் ஊர்ந்துகொண்டே போவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான். அங்குமிங்குமாகச் சிதறினால் ஆணி. முதல் மூன்று சேர்ந்து விழுந்து அதன்பின் ஊர்ந்தால் குழல் சூடு, ஆறவிட்டுச் சுடு. எல்லாம் சரியாக இருந்தும் சிதறினால் குழல் வாயின் விளிம்பை வெளிச்சத்தில் பார், பின்னர் குழலுக்குள் படிந்த செம்பைக் கழுவு. ஸ்கோப் கடைசி. இன்னொரு துவக்கில் பூட்டிப் பார்க்காமல் அதைக் குற்றம் சொல்லாதே.

ஒரு முறைக்கு ஒன்றை மட்டும் மாற்று. மாற்றியதைக் கொப்பியில் எழுது: திகதி, குளிர், தோட்டாப் பெட்டியின் பெயரும் எடையும், தொட்ட ஆணி. எல்லா ஆணிகளையும் ஒரே நாளில் இறுக்கிக் குழலையும் கழுவி ஸ்கோப்பையும் மாற்றிவிட்டு, இப்போது நன்றாகச் சுடுகிறது என்று சந்தோஷப்படுகிறவனுக்கு அடுத்த வருடம் ஒன்றும் தெரியாமல்தான் இருக்கும்.

குளிர் நாளில் துவக்கை வீட்டுக்குள் கொண்டுவரும்போது உறையைத் திறக்காதே. சூடான காற்றுப் பட்டவுடன் குளிர்ந்த உருக்கு வேர்க்கும், உள்ளேயும் வேர்க்கும். உறைக்குள்ளேயே அறைச் சூட்டுக்கு வரட்டும், பிறகு எடுத்துத் துடை. முகாமில் தங்கும்போது வேர்த்த துவக்கை மறுபடி வெளியே கொண்டுபோனால் அந்த ஈரம் போல்ட்டுக்குள் பனிக்கட்டியாகும். நீ கழுவியதெல்லாம் வீண்.

ட்ரிகரைத் தொடாதே. இதில் விளக்கம் கேட்காதே என்று சொல்லத்தான் நினைத்தேன், ஆனால் நீ கேட்பாய். ட்ரிகர் தொகுதிக்குள் ஒன்றை ஒன்று தாங்கி நிற்கும் விளிம்புகள் மயிரளவு. அதற்குள் எண்ணெய் ஊற்றினால் அதுவும் தடித்து, விளிம்புகள் திரும்பித் தம் இடத்துக்கு வராமல் நிற்கும். ரெமிங்டன் 700 1962இல் வந்தது, உலகத்திலேயே அதிகம் விற்ற வேட்டைத் துவக்குகளில் ஒன்று. அதன் பழைய ட்ரிகர் இழுக்காமலே வெடிக்கிறது என்று பல வருடம் முறைப்பாடுகள், வழக்குகள். 2000இல் மொன்ரானாவில் ஒரு தாய் துவக்கிலிருந்து தோட்டாவைக் கழற்றுவதற்காகச் சேஃப்டியைத் தள்ளியபோது அது வெடித்து அவருடைய ஒன்பது வயது மகன் இறந்தான். குறை இல்லை என்றே நிறுவனம் சொல்லிக்கொண்டிருந்தது, ஆனாலும் கடைசியில் ட்ரிகரை இலவசமாக மாற்றிக் கொடுக்கும் இணக்கத்துக்கு வந்தது. பழைய ட்ரிகருக்குப் பதிலாக வந்த புது ட்ரிகரையும் 2014இல் திரும்ப அழைத்தார்கள், தொழிற்சாலையில் பூட்டும்போது பூசிய ஒட்டும் பசை கூடிவிட்டதாம். தொழிற்சாலையிலேயே இப்படி என்றால் உன் கராஜில் எப்படி இருக்கும் என்று யோசி.

ஆகவே இதைச் செய். வெறும் துவக்கில் போல்ட்டை மூடு. சேஃப்டியைப் போட்டு ட்ரிகரை இழுத்து விடு, பிறகு ட்ரிகரைத் தொடாமல் சேஃப்டியை எடு. ‘டிக்’ கேட்டால் அன்றைக்கே பூட்டி வை. போல்ட்டைக் கொஞ்சம் பலமாக மூடும்போது ஊசி தானாக விழுந்தாலும் அப்படியே. வரிசை எண்ணை வைத்து உற்பத்தியாளரின் அழைப்பில் இருக்கிறதா என்று பார், இல்லாவிட்டாலும் கன்ஸ்மித்திடம் கொடு. கோதின் அடிக்குச் சற்று மேலே சுற்றிவர மினுங்குகிற ஒரு வளையம் தெரிந்தாலும் அவரிடம்தான். ஒரு மெல்லிய கம்பியின் நுனியை வளைத்துக் கோதுக்குள் விட்டுச் சுவரை மேலும் கீழும் தடவிப் பார். அந்த இடத்தில் கம்பி ஒரு பள்ளத்தில் விழுந்தால் பித்தளை அறுந்துகொண்டு வருகிறது, சேம்பரின் ஆழத்தை அவர் தன் அளவுக் கட்டைகளால் அளக்க வேண்டும். அதற்கு நீயும் நானும் போதாது.

போகும்போது “துவக்கு சரியில்லை” என்று மட்டும் சொல்லாதே. கொப்பியைக் கொண்டுபோ, கோதுகளை வெடித்த ஒழுங்கில் பெட்டியில் அடுக்கிக்கொண்டுபோ, எந்தக் குளிரில் எந்தத் தோட்டாவுக்கு என்ன நடந்தது என்று சொல். மணித்தியாலக் கணக்கில் காசு வாங்குகிற மனிதர், நீ சொல்கிற ஒவ்வொரு விபரமும் உன் காசை மிச்சம் பிடிக்கும்.

அம்மாவைப் பற்றி எழுதியிருந்தாய். அலுமாரிக்குப் பக்கத்தால் போகவே பயப்படுகிறா என்று. அவ துவக்கைக் கண்ட இடமும் காலமும் வேறு, நீ பிறக்குமுன். அதைப் பகிடியாக்காதே. திறப்பு உன்னிடம் மட்டும் இருக்கிறது, தோட்டா வேறு பெட்டியில் வேறு பூட்டில் இருக்கிறது, போல்ட் கழற்றித் தனியே இருக்கிறது என்று ஒருக்கால் திறந்து காட்டு. சத்தம் போடாமல் காட்டு. பிறகு அவ முன்னால் அதை வெளியே எடுக்காமல், துடைக்கிறதெல்லாம் கராஜில் வைத்துக்கொள்.

சனிக்கிழமை பின்னேரம் வீட்டில்தான் நிற்பேன். போல்ட்டைக் கழுவிப்போட்டுக் கூப்பிடு. கடைப்பெட்டித் தோட்டாவில் ஐந்து மட்டும், ஆறவிட்டு ஆறவிட்டுச் சுட்ட கடதாசியின் படத்தையும் அந்த ஐந்து கோதின் அடிகளையும் அதற்கு முதல் அனுப்பிவை.

அன்புடன்,
பெரியப்பா